வெண்கலக் கிண்ணத்தில் பாதிச் சோறு

நம்பாதவர்கள் தாராளமாகச் சுங்குவார்சத்திரத்துக்கு வந்து, கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிற யாரையாவது கேட்டுக்கொள்ளலாம்: கொரியாவிலிருந்து எட்டுப் பெண்கள் வந்து எங்கள் கோமளவல்லி திருமண மண்டபத்தில் கலைக் கண்காட்சி வைத்த அந்த ஆடி மாதத்தில், இறந்து பதினோரு வருஷமான ஒரு தாயார் தினமும் மதியம் பன்னிரண்டே முக்காலுக்குத் தோளெல்லாம் பனியோடு உள்ளே வந்து, உட்கார்ந்து, நாங்கள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஊர்ப் பெயரிலேயே சத்திரத்தை வைத்துக்கொண்டு, வந்தவருக்குச் சோறில்லை என்று சொல்ல முடியுமா? போட்டோம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் எந்த விஷயத்தையும் அவ்வளவுதான் என்று விடுகிற பழக்கம் எங்கள் ஊருக்குக் கிடையாது, ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்த எட்டுப் பேரும் சென்னையில் ஏதோ பெரிய கூடத்தில்தான் கண்காட்சி வைப்பதாக இருந்தது. கூரை ஒழுகுகிறது என்று திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது அங்கே கைவிரித்துவிட்டார்கள். பெட்டி பெட்டியாகச் சாமான்களை வைத்துக்கொண்டு அவர்கள் நடுத்தெருவில் நின்றபோது, எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கொரிய மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிற ஷமீனா பேகம்தான், ஆடி மாதம், ஒரு கல்யாணம் கிடையாது, எங்கள் ஊர் மண்டபம் சும்மா காற்று வாங்கிக்கொண்டிருக்கிறது என்று சொன்னாள். மண்டப மேனேஜர் ஏகாம்பரம் தன் வாழ்நாளில் ஆடியில் அந்தக் கதவைத் திறந்தவரில்லை. கல்யாணம்தானே கூடாது, படம் பார்ப்பதற்கு என்ன தோஷம் என்று இரண்டு ஜோசியர்களைக் கேட்டு, அவர்களும் தெரியாது என்று சொன்ன பிறகுதான் சாவியை எடுத்தார்.

அப்படியாக மணமக்கள் உட்காரும் மேடையில் காகிதத்தால் செய்த முழுப் படகு ஒன்று ஏறியது, சாப்பாட்டுக் கூடத்தில் வெயில் ஊடுருவுகிற ஒட்டுத் துணிகள் கூரையிலிருந்து தரைவரை தொங்கின, ஒரு திரையில் ஒரு பெண் தோல் அறாமல் ஆப்பிள் உரித்துக்கொண்டே இருந்தாள், நுழைந்தவுடன் நூற்றிருபது ஜோடி வெள்ளை ரப்பர் செருப்புகள் வாசலைப் பார்த்து வரிசையாக நின்றன. செருப்பு வரிசையைப் பார்த்தால் நாம் என்ன செய்வோம்? நாமும் கழற்றிவிடுவோம். முதல் நாள் சாயங்காலத்துக்குள் அந்தக் கலைப்படைப்பு முந்நூறு ஜோடியாகிவிட்டது, வெள்ளைக்கு நடுவே ஹவாயும் அறுந்து தைத்ததும் ஒரு பள்ளிக்கூட ஷூவும். அதைச் செய்த அம்மாள் தலையில் கைவைத்து நின்றாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள், இனி அது இப்படியே இருக்கட்டும் என்று ஷமீனாவிடம் சொல்லிவிட்டாள்.

எட்டாவது பெண்ணின் பெயர் சொங் ஹேரன். ஐம்பது வயது, வெட்டிவிட்ட தலைமுடி, சத்தம் போட்டுச் சிரிக்காத முகம். அவள் கொண்டுவந்த படைப்பு மிகச் சின்னது. ஒரு குட்டை மேசை, அதன்மேல் ஒரு வெண்கலக் கிண்ணம், நீளக் காம்புள்ள ஒரு கரண்டி, உட்கார ஒரு மெத்தைத் துணி. கிண்ணத்தில் பாதிக்குச் சோறு, பதினோரு வருஷத்துச் சோறு, காய்ந்து கல்லாகிக் கிண்ணத்தோடு ஒட்டிப்போனது. பக்கத்தில் வைத்த அட்டையில் 'முடியாத சாப்பாடு' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. ஒரு குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருகிறேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். தன் கண்காட்சித் திறப்பு ஒன்று இழுத்துக்கொண்டே போக, போனையும் அணைத்துவிட்டு, மறுநாள்தான் போயிருக்கிறாள். அம்மா தரையில் சாய்ந்து கிடந்தார், மேசைமேல் இந்தப் பாதிச் சோறு இருந்தது. எனக்காகக் காத்திருந்து, தனியாகச் சாப்பிட உட்கார்ந்து, பாதியிலேயே போய்விட்டார் என்று அட்டையில் எழுதி, அந்தக் கிண்ணத்தை ஊர் ஊராகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். சென்னையிலிருந்து வந்த வழியில் கண்ணாடிப் பெட்டி உடைந்துவிட்டது, ஆகவே எங்கள் ஊரில் கிண்ணம் திறந்தே இருந்தது.

பச்சையம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக அந்த மண்டபத்தில் பாத்திரம் துலக்குகிறவள். எத்தனை பந்தி ஓடினாலும் ஒரு தம்ளர்கூடக் கழுவாமல் விட்டு வீட்டுக்குப் போனதில்லை என்பது அவளுடைய ஒரே பெருமை. அட்டையைப் படிக்க அவளுக்கு எழுத்து தெரியாது. இரண்டாம் நாள் காலையில் பெருக்க வந்தவள், சோறு காய்ந்த வெண்கலக் கிண்ணம் நடுக்கூடத்தில் கிடப்பதைப் பார்த்து, என்ன மனுஷங்க இவங்க என்று மனசுக்குள் திட்டி, ஊறவைத்து, சுரண்டி, புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாகப் பளபளக்கச் செய்து, அதே இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

ஹேரன் பத்து மணிக்கு வந்து பார்த்தாள். கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. மற்ற ஏழு பேரும் அவளைச் சுற்றி நின்றார்கள். ஏகாம்பரம் விஷயம் புரிந்ததும் பச்சையம்மாவைப் பார்த்து, "உனக்கு அறிவிருக்கா பச்சை? அது கலைப் பொருள்!" என்று கத்தினார்.

"சோத்துப் பாத்திரங்க அது. காய உட்டா வூட்டுக்கு ஆவாது, கழுவிட்டேன்" என்றாள் பச்சையம்மா. ஆனால் ஷமீனா முழுக் கதையையும் சொல்லி முடித்தபோது அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பிறகு சமையல்கட்டுக்குப் போனாள். அங்கே சமையல் மாஸ்டர் தேசிங்கு விருந்தாளிகளுக்காகச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டில் ஆவி பறக்க வாங்கி வந்து, ஹேரனின் கையிலிருந்த கிண்ணத்தை மெதுவாக வாங்கி, அதை நிரப்பி மேசைமேல் வைத்தாள்.

"பழைய சோத்த என்னால திருப்பித் தர முடியாதும்மா. பாவிதான் நானு. ஆனா அம்மா பேரைச் சொல்லி வெறுங்கிண்ணம் வைக்காத."

அப்போது மணி பன்னிரண்டே முக்கால். ஆடிக் காற்று வாசல் கதவை ஒருமுறை அடித்தது, சாம்பல் நிறத்துக் கம்பளிச் சட்டையும் சுருட்டைவிட்ட குட்டை முடியுமாக ஒரு வயதான அம்மாள் உள்ளே வந்தார். தன் செருப்பைக் கழற்றி அந்த முந்நூறு ஜோடியோடு வரிசை தப்பாமல் விட்டார். அவர் தோளிலும் தலையிலும் பனி. நம் மார்கழிப் பனி இல்லை, பிரிட்ஜின் மேல்தட்டில் படிகிறதே அப்படி வெள்ளையாக. நேராக வந்து மெத்தைத் துணியில் உட்கார்ந்து, சமையல்கட்டு இருந்த திசையைப் பார்த்து ஒருமுறை தலை வணங்கி, கரண்டியை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார். பாதி ஆனதும் நிறுத்தினார், எதையோ தேடுகிறவர்போல மேசையைத் தடவிப் பார்த்தார், எழுந்து மறுபடியும் வணங்கிவிட்டு வந்த வழியே போனார். பனி உருகிய தண்ணீரைப் பச்சையம்மா மாப்பு போட்டுத் துடைத்தாள்.

"கம்பளத்துல பட்டுடப் போவுது, ஓரமாத் தொடை" என்றார் ஏகாம்பரம்.

எங்கள் எல்லோருக்கும் தெரிந்த அந்தத் தாயார் ஒரே ஒருத்திக்கு மட்டும் தெரியவில்லை. ஹேரனின் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கரண்டி ஏறி இறங்கியதும், சோறு குறைந்ததும், தரையில் ஈரமும்தான். "யார்? யார் வந்தது?" என்று அவள் ஷமீனாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஷமீனா கண்ட அடையாளத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள், சாம்பல் சட்டை, இடது கட்டைவிரலில் ஒட்டிய பிளாஸ்திரி. பிளாஸ்திரியைச் சொன்னதும் ஹேரன் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தக் கடைசி வாரம் அம்மா முள்ளங்கி அரியும்போது விரலை வெட்டிக்கொண்டதாகப் போனில் சொன்னாராம்.

இதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்பீர்கள். சாப்பாட்டு விஷயமாக எடுத்துக்கொண்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கே பெரியம்மாவுக்கு என்ன சமையல் என்பதுதான் கூட்டு ரோட்டில் பேச்சு. யார் வைத்த பெயரோ தெரியாது, கொரியாப் பெரியம்மா என்று ஆகிவிட்டிருந்தார். சாம்பாரைத் தள்ளி வைத்துவிட்டார். ரசத்தைத் தம்ளரோடு தூக்கிக் குடித்தார். கறிவேப்பிலையை நம் வீட்டு மாமியார்களைப் போலவே ஓரமாக ஒதுக்கினார். மாங்காய் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்ததும் இரண்டு புருவத்தையும் உயர்த்தினாரே, அதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஹேரனின் ஊர் கடலோரம் என்று ஷமீனா சொன்னதும், கடலோரத்து மனுஷிக்குக் கருவாடு இல்லாமல் எப்படி இறங்கும் என்று தேசிங்கு கேட்டார். இது சைவ மண்டபம், ஓனருக்குத் தெரிந்தால் என் சீட்டு கிழியும் என்று ஏகாம்பரம் மறித்தார். ஒரு பகல் முழுக்க வாக்குவாதம் நடந்து, ஐந்தாம் நாள் கோமளவல்லி மண்டபத்தில் முதல்முறையாக நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு மணத்தது. பெரியம்மா முதல் வாய் வைத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏகாம்பரமும் ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டார், யாரும் அதைப் பார்க்காததுபோல இருந்துகொண்டோம்.

தேசிங்கு அந்த வணக்கத்தில்தான் அடிபட்டுப் போனார். "எத்தன ஆயிரம் பேருக்குச் சோறு போட்டிருப்பேன் யக்கா, உப்பு கம்மின்னு சொல்ல வந்தவங்கதான் சமையக்கட்டுப் பக்கம் திரும்புவாங்க. கும்பிட்டவங்க இவங்க ஒருத்தர்தான்" என்று பச்சையம்மாவிடம் சொல்லிவிட்டு, அந்த ஆறடி மனிதர் மறுநாள் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தார்.

மாரியம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள், முதல் சொம்பு மண்டபத்துக்கு வந்தது. ஏட்டு ஒருவர் விசாரிக்க வந்தார், வெளிநாட்டுக்காரர் வந்தால் தகவல் சொல்ல வேண்டாமா என்று கேட்டார், இறந்தவர்களுக்கு விசா எந்த ஆபீசில் தருகிறார்கள் என்று நாங்கள் திருப்பிக் கேட்டதும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்து பார்த்தார். எல்லாரையும்விட அதிகமாக வந்தவர்கள் ஷிப்ட் முடிந்து சீருடையோடு வருகிற பெண்பிள்ளைகள். திருவண்ணாமலையிலிருந்தும் செஞ்சியிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் எட்டுப் பேருக்கு ஒரு அறையில் இருக்கிற பிள்ளைகள், வரிசையில் நின்று காகிதப் படகைப் பார்த்து, ஒட்டுத் துணிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவர் நிழலை ஒருவர் படம் எடுத்து, ஆப்பிள் தோல் எப்போது அறும் என்று பந்தயம் கட்டி, கடைசியில் மேசைக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். யாரோ ஒருவருடைய அம்மா நிதானமாகச் சாப்பிடுவதைப் பார்ப்பதற்கு அவர்களுக்கு அவ்வளவு ஆசை. அந்தப் பத்து நாளும் ஹாஸ்டலிலிருந்து ஊருக்குப் போன போன்களுக்குக் கணக்கே இல்லை.

ஹேரன் தினமும் எதிரே உட்கார்ந்து ஏறி இறங்கும் கரண்டியைப் பார்த்தாள். இப்போது எந்தப் பக்கம் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறாரா, இளைத்திருக்கிறாரா என்று ஷமீனாவைக் கேட்பாள். எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. அடுத்தவள் அம்மாவை நாங்கள் கண்ணாரப் பார்ப்பதும், பெற்ற பெண் எங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் என்ன நியாயம்? ஆனால் அவள் ஒரு நாளும் பொறாமைப்பட்டு முகம் சுளிக்கவில்லை. பார்த்துச் சொன்ன ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொன்னாள், தமிழில் அவள் கற்றுக்கொண்ட முதல் வார்த்தையே அதுதான்.

பெரியம்மா தினமும் பாதியில் நிறுத்தினார், தினமும் மேசையைத் தடவி எதையோ தேடினார். கை துடைக்கவோ என்று துண்டு கொடுத்தோம். வெற்றிலை பாக்கு வைத்தோம். பல் குத்துகிற குச்சி வைத்தோம். வாழைப்பழம் வைத்தோம். எல்லாவற்றுக்கும் வணங்கினார், எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. மிஞ்சிய சோற்றைத் தேசிங்கு மொட்டை மாடியில் காக்காய்க்கு வைத்துவிடுவார், பச்சையம்மா கிண்ணத்தைத் துலக்கிவிடுவாள். எட்டாம் நாள், பக்கத்தில் நின்றிருந்த பச்சையம்மாவின் கையிலிருந்து எவர்சில்வர் தட்டைப் பெரியம்மா தானே வாங்கி, அந்தப் பாதிச் சோற்றின்மேல் கவிழ்த்து மூடினார். மூடிய கையைத் தட்டின்மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுப் போனார்.

பச்சையம்மா மாப்பை எடுக்கவில்லை. மூடிய கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஷமீனா, அந்தம்மாவைக் கேளு. இதுக்கு மூடி இருந்துச்சா?"

ஷமீனா கேட்டாள். இருந்தது என்றாள் ஹேரன். வெண்கலக் கிண்ணம் என்றால் மூடியோடுதான் இருக்கும். அன்று போனபோதும் மூடித்தான் இருந்தது, மூடியிருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சோறு தெரியாதே என்று காட்சிக்காக எடுத்துவிட்டேன், அது என் வீட்டு அலமாரியில் எங்கேயோ கிடக்கும்.

"நான் இருபத்தி ரெண்டு வருஷமா எச்சில் பாத்திரம் பாக்கறவ" என்றாள் பச்சையம்மா. "உடம்புக்கு முடியாம எழுந்தவங்க தட்டு தெரியும், கோவிச்சிக்கினு எழுந்தவங்க தட்டு தெரியும். எச்சில யாரும் மூடி வைக்க மாட்டாங்கம்மா. உங்கம்மா பாதில போவல. திருப்தியா சாப்ட்டு முடிச்சிட்டு, லேட்டா வர்ற பொண்ணுக்குப் பங்கு எடுத்து வச்சி, ஆறாம இருக்க மூடிட்டுப் போய்ப் படுத்திருக்காங்க. அது உன் சோறு."

ஷமீனா மொழிபெயர்க்கும்போது இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஹேரன் ஊரிலும் வீடு திரும்பாத பிள்ளைக்குச் சோற்றை மூடிப் போர்வைக்கடியில் வைப்பார்களாம், எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வழக்கமாம். தெரிந்தும், வராமல் போன குற்றம் பதினோரு வருஷம் அதை அவள் கண்ணில் படவிடவில்லை.

சாப்பிட்டுவிடு என்று எல்லோரும் சொன்னோம். அவள் மாட்டேன் என்றாள். "பங்கைச் சாப்பிட்டுவிட்டால் அம்மாவுக்கு வருவதற்கு ஒரு காரணம் இருக்காது. இப்போதாவது கரண்டி அசைவது தெரிகிறது. அதுவும் போய்விடும்." ஒன்பதாம் நாளும் மூடிய கிண்ணத்தை அவள் தொடவில்லை. ஊர் இரண்டாகப் பிரிந்தது. கிண்ணத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், ஆயுசுக்கும் நாங்கள் பெரியம்மாவுக்குச் சோறு போடுகிறோம் என்று ஏகாம்பரம் மனசாரச் சொன்னார். ஹாஸ்டல் பிள்ளைகள் அதற்குக் கைதட்டினார்கள். ஹேரனும் ஏறக்குறையத் தலையாட்டிவிட்டாள்.

பச்சையம்மா மட்டும் விடவில்லை. "அவங்க இங்க சாப்பிடறதுக்கா வராங்க? உனக்கு எடுத்து வைக்க வராங்க. பதினோரு வருஷமா எடுத்து வச்சிக்கினே கீறாங்க, நீ ஊர் ஊரா அதத் தொறந்து வச்சி வேடிக்கை காட்டினுகீற. பெத்தவளுக்குக் கை வலிக்காதா?"

அதற்கு ஷமீனாவின் கொரிய மொழி போதவில்லை. ஆனாலும் ஹேரனுக்குப் புரிந்துவிட்டது.

பத்தாம் நாள் கடைசி நாள். மூன்று மணிக்குப் படகைப் பிரித்துப் பெட்டியில் வைக்க வேண்டும். பன்னிரண்டே முக்காலுக்கு மண்டபத்தில் நிற்க இடமில்லை, ஆனாலும் துணிகள் அசைகிற சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி. பெரியம்மா வந்தார், வணங்கினார், ரசமும் நெத்திலியுமாக நிதானமாகப் பாதி சாப்பிட்டார், தட்டை எடுத்து மூடினார். எழுந்திருக்கப் போனார். அப்போது ஹேரன் மேசைக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தட்டைத் தூக்கி ஓரமாக வைத்தாள். ஆவி எழுந்தது. சமையல்கட்டுப் பக்கம் திரும்பித் தலை வணங்கினாள், பிறகு எதிரே அவள் கண்ணுக்குக் காலியாகத் தெரிந்த மெத்தைத் துணியைப் பார்த்து இன்னும் தாழ்வாக வணங்கினாள். கரண்டியை எடுத்தாள்.

எழுந்திருக்கப் போன பெரியம்மா மறுபடியும் உட்கார்ந்தார்.

முதல் வாய் அவளுக்கு இறங்கவில்லை. இரண்டாவது இறங்கியது. மூன்றாவதிலிருந்து பசித்த பிள்ளை சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டாள், மூக்கும் கண்ணும் ஒழுக, துடைத்துக்கொள்ளாமல். கிண்ணத்தின் அடியில் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்டது. அவள் தலை நிமிராமல், "அம்மா என்ன செய்கிறார்?" என்று கேட்டாள். ஷமீனா பச்சையம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பச்சையம்மாதான் தமிழிலேயே சொன்னாள்.

"ஒண்ணும் செய்யலம்மா. நீ துன்றதப் பாத்துக்கினு கீறாங்க."

அத்தனை நாளில் எங்களிடம் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்காத பெரியம்மா, அப்போது முதல்முறையாகக் கையை உயர்த்தித் தேசிங்கைக் கூப்பிட்டார். மகளின் காலிக் கிண்ணத்தை விரலால் சுட்டிக்காட்டி, இன்னும் கொஞ்சம் போடு என்று சைகை செய்தார். தேசிங்கு ஓடி வந்து போட்டார். ஹேரனுக்குத் தெரிந்தது கிண்ணத்துக்குள் ஒரு கரண்டிச் சோறு விழுந்தது மட்டும்தான், யாரும் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை, போதும் என்று அவள் கை வைத்து மறைக்கவுமில்லை. "சரிம்மா" என்று தன் மொழியில் சொல்லிவிட்டு, அதையும் சாப்பிட்டாள்.